டூக்கோன்னு ஏன் சொல்றோம்?

எங்க பக்கத்துல காருக்கு அடிக்கிற பெயிண்ட் எதுவானாலும் அதுக்குப் பேரு டூக்கோதான். வனஸ்பதி எல்லாம் டால்டா ஆன மாதிரி. டூக்கோ என்பது அமெரிக்காவில் டுபான்ட் கம்பெனி 1920களில் விற்ற ஒரு பெயிண்டின் பேர். இன்னைக்குப் பட்டறையில் டூக்கோன்னு சொல்லி அடிக்கிறதுல பாதிக்கு மேல அந்தப் பெயிண்டே கிடையாது. பேர் மட்டும் நின்னு போச்சு.

கோயமுத்தூர்ல இருக்கிற என் அக்கா மகன் ஒரு பழைய ஜீப் வாங்கியிருக்கான். "மாமா, ரிம்மு, பம்பர், அடிப் பிராக்கெட் எல்லாம் வீட்டுலயே நானே அடிக்கப் போறேன். எந்தப் பெயிண்ட் நின்னு புடிக்கும்?"ன்னு போன்ல கேட்டான். டிராக்டர் டிரெய்லர் வெச்சிருக்கிறவன்கிட்ட கேக்க வேண்டிய கேள்விதான். யூரியாவும் கோழி எருவும் ஏத்துற டிரெய்லர் தகடு என்ன பாடு படும்னு எனக்குத் தெரியும். ஆனா அதுக்குப் பதில் சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

முதல்ல வந்த கார்களுக்குக் குதிரை வண்டிக்கு அடிச்ச பெயிண்டையே அடிச்சாங்க. ஆளி விதை எண்ணெய்ல குழைச்ச நிறம், மேல வார்னிஷ். பிரஷ்ல ஒரு கோட், காய விடு, தேய், மறுபடி ஒரு கோட். ஒரு வண்டி முடிய வாரக்கணக்குல ஆகும். பணக்காரங்க நாலு பேருக்குச் செய்யும்போது அது பரவாயில்லை.

ஃபோர்டு 1908ல் மாடல் டி காரைக் கொண்டுவந்து, பிறகு ஓடுற வரிசையில் கார் செய்ய ஆரம்பிச்சதும் காய்ச்சல்தான் பெரிய இடைஞ்சல் ஆச்சு. (வண்டி காயுற காய்ச்சலைச் சொல்றேன்!) 1914லிருந்து 1925 வரை அந்தக் கார் கறுப்புல மட்டும்தான் வந்தது. மட்கார்டு மாதிரி இரும்புப் பாகங்களை ஜப்பான் பிளாக் என்கிற கறுப்புல முக்கி எடுத்து, அடுப்புல வெச்சுச் சுட்டாங்க. நிலக்கீலும் எண்ணெயும் சேர்ந்த சரக்கு அது. அதுல வேற நிறம் வராது. பாடிக்கு உள்ளே மரச்சட்டம் இருந்ததால அதை அந்தச் சூட்டுல வைக்க முடியாது. அதுக்கு வேற கறுப்பு. ஒரே காருக்குள்ளேயே எந்தப் பாகத்துக்கு எந்தப் பெயிண்டுன்னு பிரிச்சுத்தான் அடிச்சிருக்காங்க. என் மருமகனுக்கு நான் முதல்ல சொன்னது இதைத்தான்.

அடுத்தது டூக்கோ. பஞ்சை நைட்ரிக் அமிலத்துல பக்குவம் பண்ணி எடுக்கிற நைட்ரோசெல்லுலோஸ்தான் அதுக்கு அடிப்படை. வெடிமருந்துக்கும் சினிமா ஃபிலிமுக்கும் ஆன அதே சாதி. முதல் உலகப்போர் முடிஞ்சதும் அதைச் செஞ்சு குவிச்ச கம்பெனிக்கு வேற வழி தேவைப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1924 மாடல் ஓக்லண்ட் காருக்கு நீல நிறத்துல இதை அடிச்சு இறக்குச்சு. வாரக்கணக்கு வேலை மணிக்கணக்கா சுருங்கிச்சு, கன்ல அடிக்கலாம், எந்த நிறமும் வரும். ஆனா கவனிங்க, இது ஜெயிச்சது சீக்கிரம் காயுறதால. ரொம்ப நாள் நிக்கிறதால இல்லை. தின்னர் ஆவியாப் போனா காஞ்சுது, மறுபடி தின்னர் பட்டா கரையும். பெயிண்டுக்குள்ள எந்தக் கட்டும் விழுறதில்லை.

கடையில இப்ப சின்தெடிக் எனாமல்னு கேட்டு வாங்குறோமே, அது ஆல்கைட். அதுவும் அந்தக் காலத்துச் சரக்குதான். இது காத்துல இருக்கிற ஆக்சிஜனை இழுத்து இறுகுது. மெதுவா காயும், கெட்டியா நிக்கும், பிரஷ்லயே அடிக்கலாம். பெட்ரோல் சிந்துற இடத்துல மட்டும் இளகிடும். எனாமல் மேல நைட்ரோசெல்லுலோஸ் அடிச்சா சுருங்கி எழும்பிடும், அதையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

இதெல்லாம் மேல் பூச்சு. துருவை நிறுத்துறது அடிப் பூச்சு. பாலங்களுக்கும் கப்பலுக்கும் அந்தக் காலத்துல ரெட் லெட் அடிச்சாங்க. ஈயமும் எண்ணெயும் சேர்ந்து துருவையே அடக்கும். ஈயம் விஷம்னு அதை ஒதுக்கியாச்சு. நம்ம கடையில கிடைக்கிற ரெட் ஆக்சைடு வேற. நிறம்தான் ஒண்ணு போல. ரெட் ஆக்சைடுங்கறது இரும்பு ஆக்சைடு, கிட்டத்தட்ட துருவையே அரைச்சுப் பூசுற மாதிரி. தனியா அதுக்குத் துருவை அடக்குற குணம் கிடையாது. அதனாலதான் ஜிங்க் குரோமேட் கலந்து வித்தாங்க. அதுவும் புற்றுநோய் தரும்னு தெரிஞ்சு, இப்ப ஜிங்க் பாஸ்பேட் பக்கம் போறாங்க.

கம்பெனிக்காரங்க 1960கள்ல ஒரு பெரிய வேலை செஞ்சாங்க. பாடியையே பெயிண்ட் தொட்டியில இறக்கி, கரண்ட் விட்டு, இண்டு இடுக்கெல்லாம் ஒட்ட வெச்சு அடுப்புல சுட்டாங்க. ஃபோர்டுதான் இதுல முன்னாடி போனது. இன்னைக்குக் கார் சீக்கிரம் துருப்பிடிக்காததுக்கு பளபளப்பைவிட அந்தத் தொட்டிதான் காரணம். நம்ம வீட்டுல தொட்டியும் கிடையாது, அடுப்பும் கிடையாது.

அடுப்பில்லாம இறுக வைக்கிற வழி ரெண்டு டப்பா பெயிண்ட். ஜெர்மனியில ஓட்டோ பேயர் 1937ல் கண்டுபிடிச்ச பாலியூரிதேன் வழி. ஹார்டனரைக் கலந்ததும் டப்பாவுக்குள்ளேயே கட்டு விழ ஆரம்பிச்சுடும். வெயில், பெட்ரோல் எதுக்கும் அசையாது. பட்டறைக்காரர் இன்னைக்கு டூக்கோன்னு அடிக்கிறது பெரும்பாலும் இதுதான். அந்த ஹார்டனர்ல இருக்கிறது ஐசோசயனேட். 1984ல் போபால்ல கசிஞ்ச மெத்தில் ஐசோசயனேட்டுக்குத் தூரத்துச் சொந்தம். அதே பொருள் இல்லை, அந்த மாதிரி உடனே கொல்லாது. ஆனா புகையா மூச்சுல போனா ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருதடவை உடம்புக்கு ஆகாமப் போச்சுன்னா அப்புறம் துளி பட்டாலும் இழுக்கும். வெளிக்காத்தைக் குழாய்ல கொண்டுவர்ற முகமூடி போட்டுத்தான் அடிக்கணும். இங்க கர்ச்சீப் கட்டிக்கிட்டு அடிக்கிறாங்க. எங்க ஊர்ல கன் பிடிச்ச ஒருத்தர் இப்ப படியேற முடியாம திண்ணையிலயே உக்காந்திருக்கார். அவர் வயசு என் வயசுதான்.

அதனால மருமகன்கிட்ட சொன்னது: "மாப்ளே, வீட்டுல கன்னைத் தொடாதே. கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு வெள்ளை இரும்பு தெரியிற வரைக்கும் தேய். தின்னர் துணியில துடைச்சப்புறம் வெறுங்கை வைக்காதே, வேர்வை பட்டாலே துரு வந்துடும். அன்னைக்கே எபாக்ஸி பிரைமரை பிரஷ்ல போடு, கையுறை போட்டுக்க. எபாக்ஸி வெயில்ல மாவாகும். டப்பாவுல போட்டிருக்கிற நேரத்துக்குள்ள மேல எனாமல் அடிச்சுடு. பெட்ரோல் டேங்கை மட்டும் சரியான முகமூடியும் காத்தும் இருக்கிற பட்டறையில குடு."

"இப்பவே ஆரம்பிக்கலாமா மாமா?"ன்னான். ஐப்பசி மழை விட்டபாடில்லை. மாசியில பனி இறங்கினதும் காலை பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு, மூணு மணிக்குள்ள முடின்னேன். அதுவரைக்கும் தேய்க்கிற வேலையே அவனுக்கு நிறைய இருக்கு.