நற்காரியமும் குலுக்கல் சீட்டும்

சூதாட்டம் தீதென்று திருச்சபை நெடுங்காலமாகப் போதித்து வந்துள்ளது. எனினும், நற்காரியத்தின் பெயரால் வந்த சூதாட்டத்தை அது சிலவேளை வரவேற்றும் இருக்கிறது. இம்முரண்பாட்டை வரலாற்றில் கண்டுணராமல் சிறுவருக்கும் பெற்றோருக்கும் நாம் அளிக்கும் போதனை பயன் தராது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை நிறுவ 1753ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டமே பரிசுச் சீட்டு நடத்தி நிதி திரட்ட வழிசெய்தது. கல்கத்தாவில் 1787இல் கட்டி முடிக்கப்பட்ட தூய யோவான் ஆலயத்திற்கும் நிதியின் ஒரு பகுதி பரிசுச் சீட்டினால் வந்ததே. 1808இல் இங்கிலாந்தின் பாராளுமன்றக் குழுவொன்று இம்முறையை ஆராய்ந்து, அதனால் வறுமையும் சோம்பலும் பெருகுவதை எடுத்துரைத்தது. ஆயினும், வருவாயை விட மனமில்லாத அரசு 1826 வரை அதைத் தொடர்ந்து நடத்திற்று.

நம் மாநிலத்தில் 1968இல் அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியபோதும், பரிசு விழாவிடினும் பணம் நாட்டிற்கே செல்லும் என்று மக்களுக்கு ஆறுதல் கூறப்பட்டது. கூலிக்காரரின் அன்றாட வருவாயைச் சீட்டுகள் விழுங்கிய நிலையில், 2003இல் அவற்றின் விற்பனை தடைசெய்யப்பட்டது.

இன்று சீட்டு கைபேசிக்குள் வந்துவிட்டது. உள்ளிருப்பது இன்னதென்று அறியாமலே பணம் கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் சிறுவர் விளையாட்டுகளிலும் உள்ளன. இத்தகையவற்றுள் சிலவற்றைப் பெல்ஜிய நாட்டின் ஆணையம் 2018இல் சூதாட்டமெனத் தீர்மானித்தது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2025இல் இந்தியப் பாராளுமன்றம் இயற்றியது. சட்டம் வாயிலை அடைக்கலாம். ஆசையைப் பகுத்தறியக் கற்பிப்பது வீட்டிற்கும் சபைக்கும் உரிய பணியாகும்.

மத்தியாவைத் தெரிந்துகொள்ளச் சீட்டுப் போட்டார்களே என்று சிலர் வினவுவர். அங்கே எவரும் பிறர் பொருளை விரும்பவில்லை. எவரும் தம் பொருளை இழக்கவுமில்லை. பரிசுச் சீட்டிலோ ஒருவரின் ஆதாயம் பலரின் இழப்பேயாகும். ஆதலால் பிள்ளைகளை வெறுமனே விலக்காமல், மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்குவோம்: இப்பணம் யாரிடமிருந்து வருகிறது? யாரிடம் சேருகிறது? ஒருவர் வெல்ல எத்தனை பேர் தோற்க வேண்டும்?

அவ்வினாக்களுக்கு முதலில் விடையளிக்க வேண்டியவர்கள் நாமே. ஆலய நிதிக்கென ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் கையில் குலுக்கல் சீட்டுப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பும் சபை, அதே பிள்ளைகளுக்குச் சூதின் தீமையை எவ்வாறு போதிக்கும்? கொடுப்பது காணிக்கையாயின், அதற்குப் பரிசு வேண்டியதில்லை.