புயல் என்ற சொல்லும் சமவெளிக் குழந்தைகளும்

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகள் ஒருநாள் புயலைப் படமாக வரைந்து கொண்டுவந்து காட்டினாள். கொந்தளிக்கும் கடல், சாய்ந்த தென்னை, கவிழ்ந்த படகு. நம் ஊர் எங்கே என்று கேட்டேன். "புயல் கடற்கரைக்குத்தானுங்க மாமா வரும்" என்றாள்.

அவளைக் குறைசொல்ல இயலாது. இராசிபுரத்தில் வளர்ந்த எனக்கும் புயல் என்பது 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த ஒன்று. அலையில் போன ரயிலின் கதை. எங்கள் கண்ணெதிரே இருந்தது, சித்திரை வெயிலில் தரிசு நிலத்தில் புழுதியையும் சருகையும் சுழற்றிக்கொண்டு எழும் சூறைக்காற்றுதான். அதையே பெரிதாக்கினால் புயல் என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அது தவறு என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. சூறைக்காற்று சுட்ட மண்ணிலிருந்து பிறப்பது, சில நிமிடங்களில் அடங்குவது, எந்தப் பக்கமும் சுழலக்கூடியது. புயல் நீரிலிருந்து பிறப்பது.

இந்த வேறுபாட்டைத் தமிழ் தன் பழைய அகராதியில் வைத்திருக்கிறது என்பதுதான் வியப்பு. சங்க இலக்கியத்தில் புயல் என்றால் மேகம். மழை என்றும் பொருள். காற்றுக்கு வேறு சொற்கள் இருந்தன: கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, மேற்கிலிருந்து வந்தால் கோடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல். திருமாலைப் புயல்வண்ணன் என்று அழைத்தது கார்மேக நிறத்தை எண்ணித்தான். வகுப்பில் கேட்டால் 'புயலைப் போல் வேகமானவன்' என்று பொருள் சொல்லாத மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மேகத்தைக் குறித்த சொல் எப்படியோ காற்றின் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆங்கிலத்தின் சைக்ளோன் என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பிறந்த இடம் கல்கத்தா. முன்னாளில் கப்பல் தலைவராக இருந்து அந்நகரில் தங்கிவிட்ட ஹென்றி பிடிங்டன், புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைப் பொறுமையாகச் சேர்த்தார். அவற்றுள் ஒன்று 1845இல் மொரீஷியஸ் அருகே சிக்கிய சார்லஸ் ஹெடில் என்ற கப்பலுடையது. அது காற்றின் போக்கிலேயே சில நாட்கள் ஓடி, புயலின் மையத்தைப் பலமுறை சுற்றியிருந்தது. நேராக ஓடுவதாக எண்ணிய மாலுமிகள் செக்குமாட்டைப் போல வட்டமடித்திருக்கிறார்கள்! சுருண்ட பாம்பையும் குறிக்கக்கூடிய கிரேக்கச் சொல்லிலிருந்து பிடிங்டன் சைக்ளோன் என்ற பெயரை ஆக்கினார். 1848இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு 'மாலுமிகளின் ஹார்ன்புக்'. ஹார்ன்புக் என்பது ஐரோப்பியக் குழந்தைகள் எழுத்துக் கற்ற பலகை. எழுத்துத் தாளின் மீது மெல்லிய கொம்புத் தகடு போர்த்தியிருக்கும். நம் அரிச்சுவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் வரைபடத்தின் மேல் வைத்து நகர்த்திப் பார்க்க, ஒளி ஊடுருவும் புயல் அட்டைகளையும் அதனுடன் தந்தார். வளர்ந்தவர்களுக்குக் குழந்தைகளுக்குப் போலக் கற்பிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நாமோ குழந்தைகளுக்கு வரையறையை மனப்பாடம் செய்யக் கொடுக்கிறோம்.

நான் அக்காள் மகளை அடுக்களைக்கு அழைத்துப் போனேன். இட்லிச் சட்டியின் ஆவி, அதே வெந்நீரைவிடக் கையை ஏன் அதிகமாகச் சுடுகிறது? நீர் ஆவியாகும்போது உள்வாங்கிய வெப்பத்தை, மீண்டும் நீராகும்போது வெளிவிடுகிறது. புயலின் எரிபொருள் இதுதான். கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியிருக்கும்போது நீராவி மேலெழுந்து குளிர்ந்து மேகமாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பத்தால் காற்று இன்னும் எழுகிறது. கீழே அழுத்தம் குறைய, சுற்றியுள்ள காற்று அங்கே பாய்கிறது. பூமி சுழல்வதால் அது நேரே போய்ச்சேராமல் நம் பாதிக்கோளத்தில் வலப்புறம் விலகுகிறது. எல்லாத் திசையிலிருந்தும் வருவது அப்படி விலகும்போது மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாகச் சுழல்கிறது. நிலத்தில் ஏறியதும் நீராவி வரத்து குறைந்து காற்று தளர்கிறது. ஆனால் சுமந்துவந்த நீர்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் நெடுநேரம் அங்கேயே நின்று, பின் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்தது. 'வலுவிழந்தது' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டு, சேலத்தில் எங்களில் பலர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டோம். புதுச்சேரி இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், கடலையே காணாத ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அரூரில் சுமார் 33. ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிந்து போக்குவரத்து நின்றது. சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகர் வழியே நாமக்கல் மாவட்டத்துக்குள் சென்று காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறு பெருக்கெடுத்தது. வலுவிழந்தது என்ற அறிவிப்பில் பிழையில்லை. அது காற்றைப் பற்றியது. மலை என்ன செய்யும் என்பதை அது சொல்லவில்லை. ஈரக்காற்று மலைச்சரிவில் ஏற நேர்ந்தால் குளிர்ந்து பொழிந்துதானே ஆகவேண்டும்.

இது முதல்முறையுமன்று. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தருகே கரையேறிய புயல், உள்மாவட்டங்களைக் கடந்து மறுநாள் அரபிக்கடலை அடைந்தது. அப்போது திருச்சி நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. 2018இல் கஜாவும் அப்படியே குறுக்காகப் போனது. ஆனாலும் நம் மனத்திலுள்ள படத்தில் கடற்கரையோடு புயல் முடிந்துவிடுகிறது. பழைய பொருளில், மேகமாகவும் மழையாகவும் புயலைச் சொல்லிக்கொடுத்திருந்தால் சமவெளிப் பிள்ளைகள் தங்களையும் அந்தப் படத்துக்குள் வரைந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அவள் தாளைத் திருப்பி, தென்னைக்கு மேற்கே மலையை வரைந்தாள். மலையிலிருந்து ஓர் ஆறு, ஆற்றின் ஓரத்தில் எங்கள் தெரு. ஃபெஞ்சல் என்ற பெயரை முன்மொழிந்தது சவூதி அரேபியா என்றும், வட இந்தியப் பெருங்கடலின் புயல்களுக்கு 13 நாடுகள் தந்த பட்டியலிலிருந்து முறைவைத்துப் பெயர் சூட்டுகிறார்கள் என்றும் சொன்னேன். நீல வண்ணத்தைத் தேடிக்கொண்டே கேட்டாள்: "அப்போ ஆத்துல வந்த தண்ணிக்கு யாருங்க மாமா பேரு வைப்பாங்க?"