நன்னி படித்த தமிழ்

திருச்சிராப்பள்ளியில் நத்தர்வலி தர்காவுக்கு அண்மையில் வாழ்ந்த எங்கள் நன்னி, தமிழ் எழுத்து ஒன்றையேனும் அறியாதவர். பத்திரம் எதுவாயினும் பெருவிரலையே பதிப்பார். ஆயினும் அஸர் தொழுகைக்குப் பின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோன்பின் சட்டங்களைக் கூறும் தமிழ் நூலொன்றைத் தடங்கலின்றிப் படித்து, அண்டை வீட்டுப் பெண்டிருக்குப் பொருளும் உரைப்பார். அந்நூல் அரபுத்தமிழில் அச்சாகியிருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் அவரை எழுத்தறியாதவர் என்றே குறித்துச் சென்றிருக்கக் கூடும்!

அரபுத்தமிழ் என்பது அரபு எழுத்தில் எழுதப்பெற்ற தமிழேயாகும். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டியும் மாற்றியும் புதிய எழுத்துகளைப் படைத்தனர். எகர, ஒகரங்களுக்குத் தனிக் குறிகள் கண்டனர். ளகரத்துக்கு அவர்கள் தேர்ந்தது 'ளாத்' எழுத்தின் வடிவம். அதன் கீழ் ஒரு புள்ளி இட்டனர். ரமளான், பர்ளு, உளூ என்று நாம் இன்றும் ஒலிக்கிறோம் அல்லவா? நம் நாவின் வழக்கமே எழுத்தின் இலக்கணமாயிற்று. கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மஙானி', 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்கள் இவ்வெழுத்திலேயே இல்லந்தோறும் புகுந்தன. குர்ஆன் ஓதக் கற்ற பெண், வேறு பள்ளிக்குச் செல்லாமலே தமிழ் நூலையும் படித்தாள்.

காவிரியைக் கடந்து திருவரங்கம் சென்றால் அங்கும் இதற்கு நிகரான வரலாறு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குக் கூறிய விளக்கங்களை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதினார், அதுவே 'ஈடு'. தமிழும் வடமொழியும் விரவிய மணிப்பிரவாள நடையில் அமைந்த அத்தகைய உரைகள் 19ஆம் நூற்றாண்டில் கிரந்த எழுத்திலும் தெலுங்கு எழுத்திலும் அச்சேறின. தமிழ் எழுத்து மட்டும் அறிந்தவருக்கு அவை பூட்டிய பெட்டிகளே. பின்னர் திருச்சிப் புத்தூரிலிருந்து கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் போன்றோர் அவ்வுரைகளை மீண்டும் பதிப்பித்தனர். நம் ஏடுகளுக்கு அத்தகைய பதிப்பாசிரியர் மிகச் சிலரே வாய்த்தனர். 'ஃபத்ஹுத் தய்யான்' 1963இல் ஆங்கிலத்தில் வந்தது என்பதை நினைக்கையில் மகிழ்ச்சியோடு சிறிது வெட்கமும் தோன்றுகிறது.

ஆசியாவில் மொழிகள் அழிவது புதிதன்று. 2010 ஜனவரியில் அந்தமானில் போவா என்னும் மூதாட்டி மறைந்தபோது 'போ' என்ற மொழியும் அவருடன் அடங்கிற்று. நம் நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளை யுனெஸ்கோ பேரிடர் நிலையில் உள்ளவையாகக் குறித்துள்ளது. தமிழுக்கு அந்நிலை இல்லை. கோடிக்கணக்கானோர் பேசும் மொழி இது. ஆனால் மொழி வாழ, அதன் ஓர் எழுத்து மரபு மட்டும் மடிவதும் உண்டு. அதற்கு எவரும் இரங்கற்பா பாடுவதில்லை.

இம்மரபு தேய்ந்ததற்குக் காரணம் பகை அன்று. பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் சென்றனர். மார்க்க நூல்கள் தமிழ் எழுத்திலேயே மலிவாகக் கிடைத்தன. இவை நன்மைகளே, இவற்றை வேண்டாமென்று யார் கூறுவர்? ஆயினும் கேரளத்து மதரஸாக்களில் அரபு மலையாளமும், ஜாவாவின் மதரஸாக்களில் அரபு எழுத்தில் எழுதும் 'பெகோன்' மரபும் பள்ளிக் கல்வியுடன் கூடவே நிலைத்திருக்கின்றன. நாமோ ஒன்றைப் பெற்றதும் மற்றதைப் பரணில் ஏற்றிவிட்டோம். பரணிலிருந்த நூல்கள் பலவும், அரபு எழுத்தைக் கண்டு குர்ஆனின் கிழிந்த தாள்கள் என்று கருதிய பிள்ளைகளால், மரியாதையுடனேயே மண்ணில் புதைக்கப்பெற்றன.

நன்னியின் நூல் தப்பியது. சென்ற ரமளானில் அதை என் பேத்தியிடம் கொடுத்தேன். மதரஸாவில் ஓதுகிறவள், அரபி என்றெண்ணி ராகத்துடன் ஓதத் தொடங்கினாள். கீழே புள்ளியிட்ட 'ளாத்' வந்ததும் நின்று, "நன்னா, இங்கே அச்சுப்பிழை இருக்கிறது" என்றாள். "ள என்று சொல்லிப் பார்" என்றேன். சொன்னாள். மூன்றாம் வரியில் நிமிர்ந்து, "இது தமிழ் அல்லவா!" என்றாள்.