வானொலிப் பெட்டியும் அரக்குப் பூச்சியும்

பரணில் கிடக்கும் பழைய வால்வு ரேடியோவின் மரப்பெட்டிக்குப் புது மெருகு ஏற்ற விரும்புகிறீர்களா? உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் சற்றுப் பொறுங்கள். நீங்கள் தேய்த்து எறியப்போகும் அந்தப் பழுப்பு நிறப் பூச்சு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31-ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதே 1924-இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னும் ஊரில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? மரச்சாமான்களுக்குப் பளபளப்பு ஏற்றத் தச்சர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தது அரக்கைத்தான். புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளைகளில் சாறு உறிஞ்சி வாழும் ஒரு சிறு பூச்சி, தன்னைச் சுற்றிப் பிசினைச் சுரந்து மூடிக்கொள்கிறது. அதைச் சுரண்டிக் கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் கிடைப்பது அவலரக்கு. ஒரு கிலோ அரக்குக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் பூச்சிகள் வேண்டும்! பாரதக் கதையில் பாண்டவர்களுக்காகக் கட்டிய மாளிகையின் அரக்கும் இதுவே.

அரக்கு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மின்தொழில் வளர வளர அதன் தேவையும் பெருகியது. பூச்சியோ அவசரப்படுமா? அரக்குக்கு மாற்றுத் தேடிய லியோ பேக்லண்டு 1907-இல் உருவாக்கியதே பேக்கலைட். 1934-இல் இங்கிலாந்தின் எக்கோ நிறுவனம் வட்ட வடிவப் பேக்கலைட் வானொலியை வெளியிட்டது. அரக்குக்கு மாற்றாகப் பிறந்த பொருள் மரப்பெட்டிக்கே போட்டியாக வந்து நின்றது. மரப்பெட்டிகளிலும் 1920-களுக்குப் பின் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பெருமளவு இடம் பிடித்தது. உங்கள் பெட்டியில் இருப்பது எது?

இதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மின்னிணைப்பை நீக்கி, உள்ளிருக்கும் கருவியைப் பழுதுபார்ப்பவரைக் கொண்டு வெளியே எடுத்துவிடுங்கள். (சில வகைகளில் உலோகச் சட்டமே நேராக மின்கம்பியோடு இணைந்திருக்கும், விளையாட வேண்டாம்.) பெட்டியின் அடிப்புறத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வையுங்கள், அருகில் நெருப்பு கூடாது. பூச்சு விரைவில் பிசுபிசுத்தால் அரக்கு. அசையாவிட்டால் தின்னரைத் தொட்டுப் பாருங்கள். அதில் கரைந்தால் லாக்கர்.

அரக்குப் பூச்சு காய்வது கரைப்பான் ஆவியாவதால்தான். எனவே பல ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலும் ஸ்பிரிட் பட்டால் இளகும். புதிதாகப் பூசும் அரக்கு பழையதோடு ஒன்றிவிடும். பேக்கலைட் அப்படியன்று. வெப்பத்தில் ஒருமுறை இறுகினால் மறுபடி இளகவே இளகாது.

ஜவ்வாது மலையடிவாரத்துக் கண்ணமங்கலத்தில் நான் பார்த்த ஒரு பெட்டியின் மேற்புறத்தில் வெள்ளை வட்டங்கள் இருந்தன. செய்தி கேட்டவர்கள் சூடான காப்பித் தம்ளர் வைத்த தடங்கள் அவை. சூடும் ஈரமும் பட்டால் அரக்கு வெளுக்கும். தேய்த்துவிடலாம் என்றார்கள் வீட்டார். தச்சரோ ஸ்பிரிட் தொட்ட துணிப்பந்தால் மெல்லத் தடவினார், வட்டங்கள் மறைந்தன. உப்புத்தாள் பட்டிருந்தால் மரமே போயிருக்கும். பல பெட்டிகளில் மேலே தெரிவது முழுமரம் அன்று. ஒட்டுப்பலகை மீது ஒட்டிய, ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய மரத்தகடு. நாலு இழுப்பு அதிகமானால் அடிப்பலகை பல்லிளிக்கும்.

இன்னொன்று. நிலையங்களின் பெயர்கள் அச்சிட்ட கண்ணாடியின் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். ஈரத்துணி பட்டாலே எழுத்துகள் உரிந்து வந்துவிடக்கூடும்.