முயலுக்கு யார் பட்டா கொடுத்தது?

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். பக்கத்துத் தோப்பில் விழுந்து கிடந்த நாலு மாங்காயைப் பொறுக்கிக்கொண்டு வந்ததற்காகத் தாத்தா என்னை வேப்பங்குச்சியால் விளாசிவிட்டார். "அடுத்தவன் பொருளைக் கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு களவு" என்று அன்றைக்குப் பூராவும் சொல்லிக்கொண்டே இருந்தார். அதே தாத்தா இளவயதில் ராத்திரி ராத்திரியாகக் கண்ணி வைத்து முயல் பிடித்தவர். வேட்டைக்குத் தடை வந்த பிறகும் விடவில்லை. ஒருமுறை பிடிபட்டு அபராதமும் கட்டியிருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டால் கொஞ்சமும் வெட்கப்பட மாட்டார். "முயலுக்கு யாருடா பட்டா குடுத்தா? களவுன்னா பறிகொடுத்தவன்னு ஒருத்தன் இருக்கணும்ல?" என்று திருப்பிக் கேட்பார்.

தாத்தா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. கல்லூரியில் ஒரு கட்டுரைக்காக இங்கிலாந்தின் வேட்டைச் சட்டங்களைப் படிக்கப் போனபோதுதான், அவர் கேட்ட கேள்வியை ரோமானியச் சட்ட அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கி.பி. 533-இல் ஜஸ்டினியன் பேரரசர் சட்டம் படிக்கும் மாணவர்களுக்காக ஒரு பாடநூல் வெளியிட்டார். காட்டு விலங்கு, பறவை, மீன் எதுவும் யாருக்கும் சொந்தமில்லை, பிடித்தவனுக்கே சொந்தம் என்கிறது அது. அடுத்தவன் நிலத்தில் பிடித்தாலும் அப்படித்தான். நிலத்துக்காரன் உள்ளே வராதே என்று தடுக்கலாம், அவ்வளவுதான். பிடித்தது தப்பித்துக் கண்ணுக்கு மறைந்துவிட்டால் மறுபடியும் அது யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் மரத்தில் தேனீ கூடு கட்டினாலும், நீங்கள் பிடித்துப் பெட்டியில் அடைக்கும் வரை அது உங்களுடையது ஆகாது. ஆனால் கோழியும் வாத்தும் வேறு. அவை மிரண்டு பறந்து கண்காணாமல் போனாலும் உங்களுடையவைதான். அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்பவன் திருடன்.

எனக்கு இதில் பிடித்தது இந்தக் கோழிதான். கோழிக்குப் பின்னால் ஒருவர் போட்ட தீவனம் இருக்கிறது, ராத்திரி மூடி வைத்த கூடை இருக்கிறது, நாளைக்கு முட்டை வரும் என்கிற எதிர்பார்ப்பு இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு வீட்டில் குறை விழுகிறது. முயலைப் பிடித்தால் எந்த வீட்டிலும் குறை விழுவதில்லை. எங்கள் ஊரிலும் குத்தகைக்காரர் குஞ்சு வாங்கிவிட்ட கண்மாயில் தூண்டில் போட்டால் திருட்டு. ஆற்றில் வெள்ளத்தோடு வரும் கெண்டையை யார் பிடித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னருக்கு வேட்டைப் பைத்தியம். 1079 வாக்கில் தென் இங்கிலாந்தில் 'நியூ ஃபாரஸ்ட்' என்று ஒரு பெரும் பகுதியைத் தன் வேட்டைக்கென்று ஒதுக்கினார். அந்தக் காலத்தில் 'ஃபாரஸ்ட்' என்றால் மரங்கள் அடர்ந்த இடம் என்று அர்த்தமில்லை. ராஜாவின் வேட்டைச் சட்டம் செல்லும் எல்லை என்று அர்த்தம். அதற்குள் ஊர்களும் வயல்களும்கூட உண்டு. வயலை மான் மேய்ந்தால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த எல்லைக்குள் வாழ்ந்தவர்களின் நாய்களுக்கு, மானைத் துரத்த முடியாதபடி, முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிடுவார்கள். (வில்லியமின் மகன் இரண்டாம் வில்லியம் 1100-இல் அதே காட்டில் வேட்டையின்போது அம்பு பாய்ந்து செத்தார் என்பது தனிக்கதை.)

1217-இல் வந்த வன சாசனம், ராஜாவின் மானைக் கொன்றதற்காக இனி யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது, அபராதம் கட்டட்டும், முடியாவிட்டால் ஒரு வருடமும் ஒரு நாளும் சிறையில் கிடக்கட்டும் என்றது. அப்படியானால் அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை கொடுமையிலும் ஆங்கிலேயப் பொதுச் சட்டம் அதைத் 'திருட்டு' என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியவில்லை. திருட்டு என்றால் பொருளுக்குச் சொந்தக்காரர் வேண்டும். காட்டில் திரியும் மான் ராஜாவுக்கேகூடச் சொத்து இல்லை. பட்டியில் அடைத்த மானையும் குளத்தில் வளர்த்த மீனையும் எடுத்தால் திருட்டு. வெளியே ஓடுவதை எடுத்தால் அது வேறு ஏதோ ஒரு குற்றம். ஆக மானைச் சொத்தாக்க முடியாதவர்கள், வேட்டையாடும் உரிமையைச் சொத்தாக்கிக்கொண்டார்கள்.

அது ராஜாவோடும் நிற்கவில்லை. 1671-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பொதுவாக, வருடம் 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் இருப்பவர்தான் முயலையும் கௌதாரியையும் வேட்டையாடலாம். அன்றைக்கு ஓட்டுப் போட 40 ஷில்லிங் வருமானமுள்ள நிலம் போதும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓட்டுப் போடுவதற்கு வேண்டியதைப்போல 50 மடங்கு சொத்து இருந்தால்தான் ஒரு கௌதாரியைச் சுட முடியும். இந்தக் கணக்கைப் போட்டுக் கிண்டல் செய்தவர் பிளாக்ஸ்டோன் என்கிற பெரிய சட்ட மேதை, நான் இல்லை. சின்ன விவசாயி தன் வயலில், தன் பயிரைத் தின்னும் முயலைக்கூடத் தொட முடியாது. என் தாத்தா மட்டும் அங்கே பிறந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

1723-இல் உச்சத்துக்குப் போனார்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு கூட்டமாக மான் வேட்டைக்குப் போனவர்களை ஒடுக்க வந்த 'கறுப்புச் சட்டம்' ஐம்பதுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஆயுதத்தோடும் மாறுவேடத்தோடும் வேட்டைக் காட்டில் திரிந்தாலே தூக்கு. மீன் குளத்தின் கரையை உடைத்தாலும் தூக்கு. பெரும்பகுதி நீக்கப்பட 1823 ஆனது. 1671-இன் சொத்துத் தகுதி ஒழிய 1831 ஆனது. ஈ.பி. தாம்சன் என்ற வரலாற்றாசிரியர் இந்தக் கறுப்புச் சட்டத்தைப் பற்றி மட்டுமே 1975-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஒரு மான் திருடப்படுவது அல்ல, தங்கள் அதிகாரம் மீறப்படுவதுதான் ஆண்டவர்களுக்கு உறுத்தியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த வழக்கம் கப்பலேறி நம்மூருக்கும் வந்தது. வரையாடு குறைந்துபோனதைப் பார்த்து 1877-இல் நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் ஒரு வேட்டைச் சங்கம் தொடங்கினார்கள். 1879-இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1882-இல் சென்னை மாகாண வனச் சட்டம் காப்புக் காடுகளை வரையறுத்து, விதிகளை மீறிக் கண்ணி வைப்பதையும் மீன் பிடிப்பதையும் குற்றமாக்கியது. உரிமத்தோடும் துப்பாக்கியோடும் போகும் துரைக்கு அது ஷிகார். காலங்காலமாக அதே காட்டில் கண்ணி வைத்துச் சாப்பிட்டவனுக்கு அது குற்றம். ஊட்டியில் துரைமார்கள் குதிரையில் ஏறி, வேட்டை நாய்களை விட்டு நரியைத் துரத்தி விளையாடினார்கள். யாரும் அதைச் சாப்பிடுவதற்காகச் செய்யவில்லை.

தாத்தாவைப் பிடித்தது இவை எதுவும் இல்லை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதையும் படித்துப் பார்த்தேன். அதன் 39-ஆவது பிரிவு எதெல்லாம் அரசாங்கச் சொத்து என்று சொல்கிறது: வேட்டையாடப்பட்டது, பிடித்து வளர்க்கப்படுவது, செத்துக் கிடந்தது. காட்டில் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் முயல் அந்தப் பட்டியலில் இல்லை. கண்ணியில் மாட்டிய பிறகுதான் அதற்கு ஒரு சொந்தக்காரர் வருகிறார். தாத்தா மேல் போட்டதும் திருட்டுக் கேஸ் இல்லை, வேட்டைக் கேஸ்தான். சட்டப்படி பார்த்தால் கிழவர் சொன்னது சரிதான்!

சொன்னால் சந்தோஷப்படுவார் என்று போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் விளக்கினேன். ராஜா கதையைக் கேட்டு "அவன் மட்டும் திங்கணும்னு தடுத்திருக்கான்" என்று சிரித்தார். நம்மூர்ச் சட்டம் அப்படி இல்லையே தாத்தா, யாருமே திங்கக் கூடாது என்றுதானே சொல்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ முயலைப் பார்த்திருக்கியாடா?" என்று கேட்டார்.

படத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்க் காட்டில் இதுவரை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.