தரங்கம்பாடி கிங் தெருவின் வளர்ச்சி: சுண்ணாம்பும் வணிகமும்

சீர்காழியிலிருந்து காரைக்கால் போகும் சாலையில் ஆக்கூரும் திருக்கடையூரும் தாண்டினால் தரங்கம்பாடி. நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பியதும் வெள்ளையடித்த வாயில் ஒன்று எதிர்ப்படும். அதனுள் நுழைந்து கடற்கரை வரைக்கும் நேராகப் போவது கிங் தெரு. இருமருங்கிலும் இரண்டு பழைய தேவாலயங்கள், தூண்வைத்த தாழ்வார வீடுகள், உயர்ந்த சுற்றுச்சுவர்கள். கிழக்குக் கோடியில் அணிவகுப்பு மைதானமும் டேன்ஸ்போர்க் கோட்டையும். உப்பனாறு வளைந்து வந்து கடலோடு சேரும் இந்தக் கழிமுகத்தில் டேனியர் 1620-இல் வந்திறங்கித் தம் நாட்டு நகரம் ஒன்றை அப்படியே எழுப்பிவிட்டுப் போனார்கள் என்பதுதான் சுற்றுலாக் கையேடுகள் தொடர்ந்து சொல்லிவரும் வரலாறு. கட்டடங்களின் காலத்தையும் கட்டிய முறையையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வரலாறு நிற்காது. தெருவின் கோடு பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்று நாம் காணும் அதன் உருவம் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் வந்த பணத்தால் ஆனது. அந்த உருவத்தைத் தந்த கட்டுமான அறிவு சோழமண்டலக் கரையுடையது.

ஊரே டேனியர் வருகைக்கு முந்தியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்று குறிக்கிறது. ஆகவே 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரும் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனின் தூதராக வந்த ஓவெ யெடெயும் உடன்படிக்கை செய்தபோது கைமாறியது வெறும் மணல்திட்டு அல்ல. கோயிலும் மீனவர் குடியிருப்பும் வணிகப் பழக்கமும் உள்ள துறை ஒன்றில், ஆண்டுதோறும் நாயக்கருக்குப் பணம் கட்டும் நிபந்தனையோடு, கோட்டை கட்டி மிளகு ஏற்றுமதி செய்யும் உரிமைதான் டேனியருக்குக் கிடைத்தது. முதல் தலைமுறை டேனியர் பெரும்பாலும் கோட்டைச் சுவருக்குள்ளேயே வாழ்ந்தார்கள். கப்பல்கள் அணையத் துறைமுகமும் இல்லை. அலைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கை ஏற்றி இறக்கியவை, கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகள்.

தெருவுக்கு எல்லை வகுத்தது நகரமதில். அது எழுந்த சூழல் கவனிக்கத் தக்கது. 1640-களிலிருந்து ஐரோப்பியப் போர்களில் டென்மார்க் நொடித்துப்போக, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தரங்கம்பாடிக்கு ஒரு கப்பல்கூட வரவில்லை. முதல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1650-இல் கலைக்கப்பட்டது. எஞ்சியிருந்த ஒருசில ஐரோப்பியருள் ஒருவரான எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கெ என்ற படைவீரர் கோட்டைத் தலைவரானார். தஞ்சை நாயக்கரின் படை முற்றுகையிட்ட நிலையில் நகரைச் சுற்றி மதில் எழுப்பியவர் அவர்தாம். தாய்நாட்டிலிருந்து பணமோ ஆளோ பொருளோ வராத அந்தக் காலத்தில் மதிலுக்கு வேண்டிய செங்கல்லும் சுண்ணாம்பும் கூலியாட்களும் உள்ளூரிலேதான் கிடைத்திருக்க முடியும். மேற்கே மதிலில் வைத்த வாயிலும் கிழக்கே கோட்டையும் நிலைபெற்ற பிறகே, இரண்டுக்கும் நடுவிலிருந்த பாதை தெருவானது. 1733-இல் டிரெல்லுண்ட் என்பவர் வரைந்த நகரப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஒருவர் வழி தவறாமல் நடக்கலாம். தெருக்களின் அமைப்பு அவ்வளவு மாறாமல் இருக்கிறது.

இந்த இடத்தில் முதல் மறுப்பு எழும். வாயில், நேர்த்தெரு, கோட்டை என்ற அமைப்பே ஐரோப்பியத் திட்டம்தானே? நம் பக்கத்து ஊர்களில் தெருக்கள் கோயிலைச் சுற்றியல்லவா அமையும்? சீர்காழியில் சட்டைநாதர் கோயிலை நான்கு வீதிகள் வளைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் கிங் தெரு வேற்று ஊர் வீதியாகத் தோன்றுவது இயல்பே. திட்டத்தைப் பொறுத்தவரை இந்த மறுப்பு சரியானது. பால்டிக் கடற்பகுதியின் துறைநகரங்களில் இதற்கு இணையைக் காணலாம். போலந்தின் கிடான்ஸ்க் நகரில் அரசர்கள் பவனி வந்த பாதை மேற்கு மதில்வாயிலில் தொடங்கி, 1568-இல் கட்டிய பச்சை வாயில் வழியாக மொத்வாவா ஆற்றங்கரையில் முடிகிறது. நில வாயிலையும் நீர்க்கரையையும் இணைக்கும் முதன்மைத் தெரு என்ற கருத்து இரண்டுக்கும் பொது. ஆனால் கருத்து ஒன்றாக இருப்பதாலேயே வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கிடான்ஸ்கில் வீடுகள் ஒடுங்கி, உயர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, பனி வழியச் செங்குத்தான கூரையும் தெருவைப் பார்த்த முக்கோண முகப்பும் கொண்டவை. கிங் தெருவில் அப்படி ஒரு வரிசை கிடையாது. இங்கே மனைகள் அகலமானவை, கூரை தட்டை, முகப்பில் வெயிலையும் மழைச்சாரலையும் தடுக்கும் தாழ்வாரம், பின்னால் தோட்டமும் கிணறும். வரைபடத்தோடு வீட்டு வடிவமும் கப்பலேறி வந்திருந்தால் இங்கேயும் முக்கோண முகப்புகள் நிற்க வேண்டும். கிடான்ஸ்க் வீடுகளின் வாசலில் படியேறிப் போகும் திறந்த மேடை ஒன்று உண்டு. நம் திண்ணை போலத் தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவிலான இடம். ஆனால் அதற்கு மேலே கூரை கிடையாது. கிங் தெருவின் மேடைகள் தூண்களின் மேல் கூரை தாங்கி நிற்கின்றன. காவிரிப் படுகையின் வெயிலும் ஐப்பசி மழையும் கேட்கும் வேலை அது.

கூரையைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். சுவருக்குச் சுவர் மர உத்தரங்கள். அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள். சட்டங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டத்தில், சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக்கொண்டே போவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் பலகையால் தட்டி இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். சாந்தில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேரும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைச் சுட்டு நீற்றியதே சுண்ணாம்பு. மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்லும் இம்முறையைப் புதுச்சேரியிலும் நாகப்பட்டினத்திலும் காவிரிப் படுகையின் மச்சு வீடுகளிலும் ஒருசேரக் காணலாம். வீட்டுக்காரர் டேனியரா, பிரெஞ்சுக்காரரா, மிராசுதாரா என்பதைப் பொறுத்துத் தூணின் தலைப்பும் சன்னல் சட்டமும் மாறின. கூரையும் சாந்தும் கொத்தனாரின் கையும் மாறவில்லை. பொறியியல் படித்த ஐரோப்பிய அலுவலர் வரைந்து கொடுத்திருக்கலாம். ஆனால் சுண்ணாம்பு எப்போது பதத்துக்கு வந்தது, கூரை எத்தனை நாள் காய வேண்டும் என்பதை அறிந்தவர்கள் இந்த மண்ணின் கொத்தர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. டேனிய அரசரின் முடியெழுத்து மட்டும் இத்தெருவின் புதிய எருசலேம் ஆலயத்து முகப்பில் இருக்கிறது.

ஆலயங்கள்தாம் அடுத்த மறுப்புக்கு அடிப்படை. சீயோன் ஆலயம் 1701-இல் எழுந்தது. 1706 ஜூலையில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க் தமிழ்ச் சபைக்காகக் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் பிரதிட்டை செய்யப்பட்டது. மறுஆண்டே இறந்த அவர் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அப்படியானால் தெரு பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருப்பெற்றுவிட்டது என்றல்லவா சொல்ல வேண்டும்? தேவாலயங்களுக்கு அது பொருந்தும். தெருவின் முகமாக இன்று நிற்கும் குடியிருப்பு மாளிகைகளுக்குப் பொருந்தாது. 1777-இல் டேனிஷ் அரசு தரங்கம்பாடியைப் பின்னாளைய டேனிஷ் கம்பெனியிடமிருந்து நேரடி ஆட்சிக்கு எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டுகளில் அமெரிக்க விடுதலைப் போரை ஒட்டி இங்கிலாந்தும் பிரான்சும் கடலில் மோதின. நடுநிலை நாடான டென்மார்க்கின் கொடி பறந்த கப்பலே பாதுகாப்பான கப்பல். சம்பாதித்த செல்வத்தைத் தம் கம்பெனிக்குத் தெரியாமல் ஐரோப்பாவுக்கு அனுப்ப நினைத்த ஆங்கில அலுவலர்களுக்கும் டேனியக் கப்பல்கள் கைகொடுத்தன. 1781-இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் காவிரிப் படுகையின் வயல்கள் பாழ்பட்டுக் கிடந்த நேரத்தில், மதிலுக்குள் இருந்த இந்தச் சிற்றூரில் பணம் புரண்டது. 1784-இல் ஆளுநர் கோட்டையை விட்டு மைதானத்தை ஒட்டிய மாளிகைக்குக் குடிபெயர்ந்தார். பழைய நகர வாயில் இருந்த இடத்தில் 1792-இல் இப்போதுள்ள வாயில் எழுந்தது. பாதுகாப்புக்காகக் கோட்டைக்குள் ஒடுங்கியிருந்த அதிகாரம் தூண்வரிசையோடு தெருவுக்கு வந்து தன்னைக் காட்டிக்கொண்ட காலம் இது. நார்வேயில் பிறந்து 1788 முதல் 1806 வரை ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கரின் ஓவியங்களில் நாம் காணும் தரங்கம்பாடி இந்தச் செழிப்பின் தரங்கம்பாடி.

செழிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. நெப்போலியன் காலத்துப் போர்களில் டென்மார்க் இங்கிலாந்தோடு பகைபட்டதும் ஆங்கிலேயர் 1801-இல் சிறிது காலமும், பிறகு 1808 முதல் 1815 வரையும் ஊரைப் பிடித்துவைத்தனர். நடுநிலைக் கொடியின் பயன் போயிற்று. கொடியோடு வந்த வணிகமும் போயிற்று. 1845-இல் சீராம்பூரோடு சேர்த்துத் தரங்கம்பாடியைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. சில காலம் தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் தலைமையிடமாக இருந்த சிறப்பும் 1860-இல் தஞ்சைக்கு மாறியது. அடுத்த ஆண்டே இருப்புப்பாதை நாகப்பட்டினத்தைத் தொட்டது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் வர 1926 ஆயிற்று. அதற்குள் ஏற்றுமதி செய்யச் சரக்கு எதுவும் மிஞ்சவில்லை. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் பணம் இங்கே யாரிடமும் இல்லாததால்தான் கிங் தெரு தப்பியது. 1945-இல் போரில் சிதைந்த கிடான்ஸ்கின் பழைய தெருக்களைப் பின்னாளில் திட்டமிட்டு மீண்டும் எழுப்பினார்கள். தரங்கம்பாடியில் பாதுகாப்புக்கென்று யாரும் திட்டமிடவில்லை, வறுமைதான் பாதுகாத்தது.

கட்டியவர் கையை முன்னிறுத்துவது, அந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம் என்பதைத் தீர்மானித்த அதிகாரத்தை மறைக்காதா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. கிங் தெரு பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் மிஷனுக்கும் உரியதாக இருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பாலும் வடபுறத் தெருக்களில் வாழ்ந்தனர். சேர்ந்து கட்டினார்கள் என்பதால் சமமாக வாழ்ந்தார்கள் என்று ஆகிவிடாது. நான் சொல்வது கட்டடத்தின் பிறப்பைப் பற்றி, உரிமையைப் பற்றியல்ல. பிறப்பைச் சரியாக அறிவதில் ஒரு நடைமுறைத் தேவையும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு பொற்கொல்லர் தெருவின் நாட்டு ஓட்டு வீடுகளைச் சீரமைத்தது. ஆளுநர் மாளிகையைத் தமிழ்நாடு அரசும் டேனிஷ் தேசிய அருங்காட்சியகமும் சேர்ந்து மீட்டன. ஐரோப்பிய மாளிகைக்கும் தமிழ்வீட்டுக்கும் வேண்டியிருந்தது ஒரே சாந்து, ஒரே கைத்திறன். உப்புக்காற்று வீசும் இக்கரையில் பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கி, உப்புப் பூத்துச் செங்கல்லே பொடியாகிறது. ஆகவே தெருவை டேனிஷ் நினைவுச்சின்னம் என்று பலகையில் எழுதிவைப்பதோடு, சிப்பிச் சுண்ணாம்பு நீற்றவும் மெட்ராஸ் டெரஸ் போடவும் தெரிந்த கொத்தர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுத்து, அடுத்த தலைமுறைக்குப் பயிற்சி அளிப்பதையும் மயிலாடுதுறை மாவட்டத்தின் மரபுப் பாதுகாப்புப் பணியில் சேர்த்தாக வேண்டும்.