வாலும் எஞ்சினும் முடிவு சொல்லா: போர்க்காலச் சோவியத் இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களை இனங்காணும் முறை

இரண்டாம் உலகப் போர்க்காலச் சோவியத் விமானப் படங்களை வகைப்படுத்த வழக்கமாகக் கைக்கொள்ளும் அடையாளங்கள் இரண்டு: செங்குத்து வால் ஒன்றா இரண்டா, எஞ்சின் முகப்பு உருண்டையா கூரா. இவை முதற்கட்டச் சலிப்புக்கு உதவும். முடிவு சொல்ல உதவா. வால் அமைப்பு பல விமானங்களுக்குப் பொதுவானது. எஞ்சினோ தொழிற்சாலையின் நிலைமைக்கேற்ப மாறியது. ஒரு விமானம் எந்தப் பணிக்காகக் கருக்கொண்டதோ, அது உடற்கூட்டின் அளவிலும் குழுவினர் அமரும் இடங்களிலும் பதிந்துவிடுகிறது. இனங்காணல் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

எஞ்சின் முகப்பு தரும் சான்று

துப்போலெவ் குழுவின் எஸ்பி விமானத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் எம்-100 எஞ்சின், பிரான்சின் ஹிஸ்பானோ-சுய்சா எஞ்சினை உரிமம் பெற்று உருவாக்கப்பட்டது. 12 உருளைகள் கொண்ட நீர்க்குளிர்ச்சி வகை. ரேடியேட்டரை எஞ்சினுக்கு முன்னால் தட்டையாகப் பொருத்தியதால், வெளிப்பார்வைக்கு அது காற்றுக்குளிர்ச்சி எஞ்சின் போலவே தோன்றியது. 1936இல் ஸ்பெயினில் இவ்விமானத்தை எதிர்கொண்ட பிராங்கோ தரப்பினர், அமெரிக்க மார்ட்டின் விமானம் என்றே எண்ணி அப்பெயரால் அழைத்தனர். பின்னர் வந்த எம்-103 வகைகளில் ரேடியேட்டர் எஞ்சினுக்கு அடியில் இறங்கியது; முகப்பு கூரானது. ஒரே விமானத்துக்கு இரண்டு முகங்கள் அமைந்தன.

எதிர்த்திசையிலும் இது நிகழ்ந்தது. து-2 என்றதும் நினைவுக்கு வருவது உருண்டை முகப்புள்ள காற்றுக்குளிர்ச்சி எஞ்சின். ஆனால் அதன் முதல் மாதிரி 1941 ஜனவரியில் ஏஎம்-37 என்னும் நீர்க்குளிர்ச்சி எஞ்சினோடுதான் பறந்தது. மிகூலின் எஞ்சின் தொழிற்சாலையின் ஆற்றல் இல்-2 தாக்குதல் விமானத்துக்கான ஏஎம்-38 எஞ்சினுக்குத் திருப்பப்பட்டது. ஏஎம்-37 பெருமளவு உற்பத்திக்கு வரவில்லை. அதன் இடத்தை எம்-82 நிரப்பியது. நீர்க்குளிர்ச்சி எஞ்சினுக்குப் பெயர்போன பெ-2 விமானத்திலும் சிறு எண்ணிக்கையில் எம்-82 பொருத்தப்பட்டது. ஆகவே உருண்டை முகப்பு து-2, கூர் முகப்பு பெ-2 என்ற விதி இரு பக்கமும் உடைகிறது.

வால் தரும் சான்று

பெ-2, து-2, யெர்-2, யாக்-4 ஆகிய நான்குக்கும் இரட்டைச் செங்குத்து வால் உண்டு. எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 110, டோர்னியர் 17 ஆகியவற்றுக்கும் உண்டு. வாலை மட்டும் பார்ப்பவருக்கு நண்பனும் பகைவனும் ஒன்றாகவே தெரிவர். சொந்தத் தரப்பினரே பெ-2 விமானங்களை மெஸ்ஸர்ஷ்மிட் 110 என்று கருதிச் சுட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருக்கொண்ட பணி

பெ-2 குண்டுவீச்சுக்காகப் பிறந்ததன்று. சிறைவைக்கப்பட்ட பொறியாளர்களைக் கொண்டு உள்துறை ஆணையகம் நடத்திய வடிவமைப்பகத்தில், பெத்லியக்கோவ் அதை உயரப் பறக்கும் சண்டை விமானமாக உருவாக்கினார். 1939 டிசம்பரில் முதலில் பறந்த அது, 1940இல் செங்குத்தாய்ப் பாய்ந்து தாக்கும் குண்டுவீச்சு விமானமாக மாற்றப்பட்டது. அந்தப் பிறப்பின் தடம் எங்கும் தெரிகிறது. உடற்கூடு ஒல்லியானது, குண்டறை சிறியது. அதனால் ஒவ்வோர் எஞ்சின் கூட்டின் பின்பகுதியிலும் 100 கிலோ குண்டு ஒன்றை வைக்க நேர்ந்தது. விமானியும் வழிகாட்டியும் முன்கூண்டில் நெருங்கி அமர, வானொலி இயக்குநர் குண்டறைக்குப் பின்னால் தனியே இருந்தார்.

து-2 தொடக்கத்திலிருந்தே குண்டு சுமக்க எண்ணப்பட்டது. அதிக அளவாக 3,000 கிலோ சுமக்கவல்ல உடற்கூடு, நான்கு பேர் கொண்ட குழு, 18.86 மீட்டர் இறக்கை வீச்சு ஆகியன அதன் இயல்புகள். பெ-2இன் வீச்சு ஏறத்தாழ 17 மீட்டர். எஞ்சினை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் உடற்கூட்டின் பருமனும், பின்பகுதியில் மேலும் கீழுமாக அமைந்த இரண்டு சுடுவீரர் இடங்களும் து-2ஐக் காட்டிக்கொடுக்கும்.

மெஸ்ஸர்ஷ்மிட் 110க்கும் இதே சோதனை பொருந்துகிறது. அதன் குழுவினர் ஒரே நீண்ட கண்ணாடிக் கூண்டின்கீழ் வரிசையாக அமர்வர்; மூக்கு மூடப்பட்டது, துப்பாக்கிகள் நிறைந்தது. பெ-2இன் மூக்கின் அடிப்பகுதியோ குண்டெறிவோர் பார்ப்பதற்கெனக் கண்ணாடியிடப்பட்டது. அதன் கிடைவால் இருபுறமும் மேல்நோக்கி உயர்ந்திருக்க, மெஸ்ஸர்ஷ்மிட்டின் கிடைவால் சமமாக நிற்கிறது.

ஒரு மறுப்பும் விடையும்

சில நொடிகளில் முடிவெடுக்கும் தரைப் பீரங்கிவீரரால் குழுவினரின் இருக்கைகளை ஆராய முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் போர்க்களத் தவறுகளுக்கு நேரக் குறைவு மட்டுமே காரணமன்று, புதிய விமானங்களைப் பற்றிய மறைப்பும் காரணம். 1941 ஜூன் 22 அன்று சோவியத் சண்டை விமானி பொக்ரிஷ்கின் சுட்டு வீழ்த்திய விமானம் சோவியத்தின் சு-2. ஒற்றை எஞ்சின் கொண்ட அந்தப் புதிய வகையைத் தாம் அறிந்திருக்கவில்லை என்பதை அவரே நினைவுக்குறிப்பில் எழுதினார். காட்டப்படாத உருவத்தை எந்தக் கண்ணும் இனங்காணாது. படத்தை மேசைமேல் வைத்து ஆராயும் இன்றைய வரலாற்றாளருக்கு நேரக் குறைவும் இல்லை, மறைப்பும் இல்லை.

குடும்பமும் காலமும்

உடற்கூடு குடும்பத்தைச் சொல்லிவிடும். ஒரே குடும்பத்துக்குள் வகை பிரிக்க அது போதாது. இல்யூஷினின் டிபி-3, டிபி-3எஃப் இரண்டும் ஒரே நெடுந்தூரப் பணிக்கானவை; முன்னதன் மூக்கு மழுங்கியது, பின்னதன் மூக்கு நீண்டு கண்ணாடியிடப்பட்டது. டிபி-3எஃப், இல்-4 என்ற பெயரைப் பெற்றது 1942இல்தான். 1941 ஆகஸ்டில் சாரமா தீவிலிருந்து பெர்லினைத் தாக்கிய பால்டிக் கடற்படை விமானங்களை இல்-4 என்று குறிப்பது காலப்பிழை.

எனவே இனங்காணலின் வரிசையைத் திருப்ப வேண்டும். முதலில் உடற்கூடும் குழுவினரின் இடங்களும். அடுத்து இறக்கையும் கிடைவாலும். இறுதியில்தான் எஞ்சினும் மூக்கும். முதற்படியில் வழிதவறச் செய்யும் எஞ்சின், இறுதிப்படியில் ஆண்டைக் குறிக்கும் நல்ல சாட்சியாகிறது. இவ்வரிசையைப் பின்பற்றினால் படக்குறிப்புகள் திருந்தும். எந்தக் குழு எந்த விமானத்தில் பறந்து மடிந்தது என்ற பதிவும் பிழையின்றி நிற்கும்.